வரிசையில் வந்த கேள்வி

“என்ன கேட்கப் போறேன்னு சொன்னாத்தான் மைக் தருவேன் பாப்பா. இல்லேன்னா வரிசையை விட்டு வெளியே வந்துடணும்.”

கழுத்தில் அடையாள அட்டை தொங்க, நிகழ்ச்சியை நடத்தும் இளம்பெண் குனிந்து சொன்னாள். பாப்பா உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றாள். இரண்டாம் வகுப்பு படிப்பவள்.

விண்வெளிக் காட்சியகத்தின் அரங்கில் உட்கார இடமில்லை. சுற்றுப்பாதையில் இருக்கும் விண்வெளி வீராங்கனையிடம் குழந்தைகள் நேரலையில் கேள்வி கேட்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். விண்வெளி நிலையம் தலைக்கு மேலே கடந்து போகிற வரைதான் தொடர்பு இருக்கும். அரங்கம் அவர் கண்ணுக்குத் தெரியாது; குரல் மட்டும் கேட்கும்.

“அவங்ககிட்டதான் சொல்வேன்” என்றாள் பாப்பா.

“சார், நீங்களாவது கேட்டுச் சொல்லுங்க. காலையிலேருந்து பாதிப் பிள்ளைங்க ‘பாத்ரூம் எப்படிப் போவீங்க’ன்னுதான் கேட்கணும்னு நிக்குது. மைக்ல அது வந்தா எனக்குத்தான் திட்டு விழும்.”

“எனக்கே சொல்லலைம்மா” என்றார் அப்பா. அவர் இடுப்பிலிருந்த மகன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அப்பா சட்டென்று அதில் ஒரு பிஸ்கட்டை வைத்தார்.

“பாத்ரூம் கேள்வி இல்லக்கா. அவங்களுக்கு மட்டும்தான் இதுக்குப் பதில் தெரியும்.”

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பெரிய ஆளுதான் நீ. சரி, நில்லு. நேரம் இருந்தா பார்ப்போம்.”

முன்னால் நின்ற பல் மருத்துவர், தன் பையனின் காலரைச் சரிசெய்தபடி திரும்பினார்.

“இவன் ஒரு வாரமா மனப்பாடம் பண்றான் சார். கதிர்வீச்சு பத்தி. இந்த மாதிரி இடத்துல தரமா கேட்கணும் பாருங்க.” பிறகு சுற்றியிருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்பதுபோலக் குரலை உயர்த்தினார். “அவங்களுக்குக் கடைவாய்ப் பல் அடைச்சது நான்தான். நான் அடைச்ச பல்லு இப்போ பூமியைச் சுத்திக்கிட்டு இருக்கு!”

பின்னால் நின்ற அம்மாள் விட்டுக்கொடுக்கவில்லை. “எங்க நாத்தனார் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவுலதான் அவங்க சின்ன வயசுல குடியிருந்தாங்களாம். அப்பவே தெரியும், இந்தப் பொண்ணு எங்கேயோ போகப்போகுதுன்னு.”

“எப்படித் தெரியும்?” என்றார் மருத்துவர்.

“நடையிலேயே தெரியுமே!”

பாப்பா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “பொறு” என்றார் அப்பா.

“உங்களுக்கு அவங்களைப் பழக்கமா சார்?” என்று கேட்டார் மருத்துவர்.

“இப்பல்லாம் டிவியில பார்க்கிறதோட சரி.”

மருத்துவர் பரிதாபமாகத் தலையசைத்தார்.

திரை ஒளிர்ந்தது. நீல உடையில், தலைமுடி நாலா பக்கமும் விரிந்து நிற்க, வீராங்கனை மிதந்தபடி கையசைத்தார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அப்பாவுக்குத்தான் தட்ட முடியவில்லை. ஒரு கையில் மகன், மறு கையில் பிஸ்கட் பொட்டலம். மகன் திரையை நோக்கி விரலை நீட்டி வாயைத் திறக்க, இன்னொரு பிஸ்கட் உள்ளே போனது.

“பிள்ளை வயிறு என்னத்துக்கு ஆகும்?” என்று பின்னாலிருந்த அம்மாள் அதட்டினார்.

கேள்விகள் தொடங்கின. எப்படித் தூங்குவீர்கள் என்று ஒரு சிறுமி கேட்டாள். “தூங்குற பையை எடுத்துச் சுவத்துல கட்டி, அதுக்குள்ள புகுந்துக்குவேன் கண்ணு. படுத்தாலும் ஒண்ணுதான், நின்னாலும் ஒண்ணுதான்” என்றார் வீராங்கனை. அரங்கம் சிரித்தது. அப்பாவும் சிரித்தார், எல்லோரும் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம்.

மருத்துவரின் பையன் மைக்கை வாங்கினான். “விண்வெளியில்… கதிர்வீச்சின்… கதிர்வீச்சின்…” அவ்வளவுதான், நாக்கு ஒட்டிக்கொண்டது. “தாக்கத்திலிருந்து, தாக்கத்திலிருந்து” என்று மருத்துவர் கிசுகிசுத்தார். பையன் விழித்தான். நேரம் கரைந்தது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் கேட்டுவிட்டான்:

“பாத்ரூம் எப்படிப் போவீங்க?”

கூரை அதிரும்படி சிரிப்பு. மருத்துவர் தரையைப் பார்த்தார். வீராங்கனை மட்டும் சிரிக்காமல், காற்றை இழுக்கும் குழாயைப் பற்றிப் பொறுமையாக விளக்கினார். அவர் முடிக்கும்போது திரையில் புள்ளிகள் தெரியத் தொடங்கியிருந்தன.

“நேரம் முடிஞ்சுது குழந்தைகளே. எல்லாரும் நன்றி சொல்லலாமா?” என்று அறிவித்தாள் நிகழ்ச்சி நடத்தும் பெண்.

மைக்குக்காக நீட்டிய பாப்பாவின் கை அப்படியே நின்றது. அப்பா ஏதோ சொல்ல வந்தார். பிறகு ஒரு பிஸ்கட்டைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார்.

“அடப்பாவமே, அந்தப் பிள்ளை எவ்வளவு நேரமா கால் கடுக்க நிக்குது!” என்றார் பின்னாலிருந்த அம்மாள்.

அந்தக் குரல் மைக் வழியே மேலே போயிருக்க வேண்டும்.

“இன்னும் யாராவது நிக்கிறாங்களா?” என்று கேட்டார் வீராங்கனை. “சட்டுனு கேட்கச் சொல்லுங்க. வரிசையில நின்ன பிள்ளையைத் திருப்பி அனுப்பாதீங்க.”

மைக் பாப்பாவின் கைக்கு வந்தது. அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினாள். அரங்கம் காது கொடுத்துக் காத்திருந்தது.

“நீ சொன்ன மாதிரியே, யார்கிட்டயும் எதுவும் சொல்லாம வரிசையில நின்னுதான் வந்தேன்” என்றாள். “இப்பவாவது சொல்லட்டுமா, நீதான் எங்க அம்மான்னு?”