ரப்பர்ப் பாய்

மச்சான் சென்னய்யா செய்த துரோகங்களை வேங்கடபதி வரிசை தப்பாமல் சொல்வார்.

முதலாவது, 1930. அருப்புக்கோட்டை நெசவாளர் தெருவில் அந்நியத் துணியை எரித்தபோது ஊரே பட்டும் மல்லுமாகக் கொண்டுவந்து கொட்டியது. சென்னய்யா ஒரு கிழிந்த துண்டைப் போட்டுவிட்டு நின்று குளிர் காய்ந்தார்.

இரண்டாவது, 1932. வேங்கடபதி மதுரை ஜெயிலில் கிடந்தார். மனைவியின் கூடப்பிறந்த அண்ணன், ஒரு தடவைகூட வந்து எட்டிப் பார்க்கவில்லை.

மூன்றாவது, 1942. கைதாவதற்கு முன்னால், நோட்டீஸ் அடிக்கும் சைக்ளோஸ்டைல் மிஷினை அவரிடம்தான் ஒப்படைத்தார். விடுதலையாகி வந்து கேட்டால், "போலீஸ் எடுத்துட்டுப் போயிருச்சு மாப்பிள்ளை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மிஷின் பிடிபட்டும் ஜெயிலுக்குப் போகவில்லை என்றால், அவரே கொண்டுபோய்க் கொடுத்தார் என்றுதானே அர்த்தம்?

நான்காவதுதான் இப்போது கண்ணை உறுத்தியது.

விருதுநகரில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி பங்களாவைக் காலி செய்தபோது ஏலத்தில் எடுத்த லினோலியம் விரிப்பு, சென்னய்யா வீட்டு முன்கூடத்தில் சுவரோடு சுவராகக் கிடந்தது. தெருவில் அதற்கு ரப்பர்ப் பாய் என்று பெயர். அதற்கு இடம் விடுவதற்காக அங்கிருந்த தறியையே பிரித்துப் பரணில் போட்டுவிட்டு, பின்கட்டுத் தறியை மட்டும் ஓட்டினார்.

பக்கத்து வீட்டுப் பாலாமணிக்கு அதன்மேல் ஒரு கண். "அண்ணே, எங்க வீட்டுக்கும் இது ஆகுமா?"

"தறி ஓடுற வீட்டுக்கு ஆகாது தாயி. குழித்தறிக்கு மண்தரை ஈரம் வேணும். இல்லாட்டி நூலு பொட்டுப் பொட்டுனு அறும்."

"பெறகு உங்க வீட்டுக்கு?"

"எனக்கு ஆகும்."

தெருவில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வேங்கடபதி, திமிரைப் பார் என்று பல்லைக் கடித்தார். நேரே தெரு நாட்டாண்மை திம்மையாவிடம் போனார்.

"சென்னய்யா பேரை வாசிக்கணும்."

அந்தத் தெருவில் அதுதான் பெரிய தண்டனை. தறியில் ஏற்றும் நெடுக்கு நூலான பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போட்டு ஆற்ற ஏழெட்டுக் கை வேண்டும். பெயர் வாசிக்கப்பட்டவன் பாவை ஒரு வருஷத்துக்கு யாரும் தொடமாட்டார்கள். பாவு இல்லையென்றால் தறி இல்லை. தறி இல்லையென்றால் அடுப்பும் இல்லை.

"ஏப்பா வேங்கடபதி, கூட்டம் கூட்டினா ஒரு பேரை வாசிக்காமக் கலையக் கூடாது. யோசிச்சுக்கோ."

"தியாகி வேங்கடபதின்னு சொல்லுங்க. யோசிச்சுட்டுத்தான் வந்திருக்கேன்."

உலகச் சண்டைக்காலம், காகிதத்துக்குப் பஞ்சம். தன் பழைய கூட்ட நோட்டீஸ் ஒன்றின் பின்பக்கத்தில் சென்னய்யாவின் பேரை எழுதிக்கொண்டார். மறுநாள் காலையில் திம்மையாவையும், சாட்சிக்குப் பெரியவர்கள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு சென்னய்யா வீட்டு முன்னால் போய் நின்றார்.

"மொதல்ல பாயை எரிக்கணும். பேரு பெறகு."

சென்னய்யா வாசலை மறித்தார். "மாப்பிள்ளை, பேரை வேணும்னா வாசிச்சுக்கங்க. பாயைத் தொடாதீக."

"பாத்தீகளா! பேரு போனாலும் துரை வீட்டுப் பாயி போகக் கூடாதாம்."

வேங்கடபதி அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், பாயின் மூலையைப் பிடித்து இழுத்தார். பிரித்த தறியின் பழைய குழி தெரிந்தது. மேலே பலகை. பலகையைத் தூக்கினால், சாக்குக்குள் மிஷின். எண்ணெய் போட்டுத் துடைத்து, துருவே பிடிக்காமல் இருந்தது.

வேங்கடபதி குனிந்து மிஷினின் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார்.

"போலீஸ் எடுத்துட்டுப் போச்சுன்னீகளே?"

"தெருவுல ஒவ்வொரு தறிக்குழியா கடப்பாரையை விட்டுக் குத்திக்கிட்டு வந்தாங்க. அதுக்குள்ள இதை விரிச்சுட்டேன். இங்க வந்த அதிகாரி பூட்ஸைக் கழட்டி வச்சுட்டு, 'துரை வீட்டுப் பாயா'ன்னு தடவிப் பாத்துட்டு, காப்பி குடிச்சுட்டுப் போயிட்டாரு."

சாட்சிக்கு வந்த ஒருவர் சிரித்தே விட்டார்.

"நான் வெளிய வந்த பெறகாவது சொல்ல வேண்டாமா?"

"சொன்னா அன்னைக்கே நோட்டீஸ் அடிப்பீக. மறுநாளே உள்ள போவீக. என் தங்கச்சி மறுபடியும் தனியாக் கெடக்கணுமா? துரோகின்னு ஏசினா ஏசிட்டுப் போங்கன்னு இருந்துட்டேன்."

திம்மையா தாமே குனிந்து பலகையைப் போட்டு, பாயை இழுத்து விரித்தார். "நாங்க எதையும் பாக்கலை. ஆனா கூட்டம் கூடிருச்சு. வாசிப்பா."

வேங்கடபதி கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். மெல்லத் திருப்பினார். அந்தப் பக்கம், பழைய நோட்டீஸின் அடியில், கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்த பெயர். முன்னாலிருந்த 'தியாகி'யைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டு, நாலு பேருக்கும் கேட்கும்படி உரக்க வாசித்தார்:

"வேங்கடபதி."