கறுப்புக் கண்ணாடி அம்மா

கடவுளுக்கு அடுத்தபடியாகக் காலி நிலத்துக்கு உயிர் கொடுக்கக் கூடியவர் நகரத் திட்ட அதிகாரி ஒருவரே. இதைச் சொன்னவரும் ஒரு நகரத் திட்ட அதிகாரிதான். கேட்டுக்கொண்டிருந்தவர், செருப்புக்கடை வைத்திருந்த அவருடைய மைத்துனர்.

"கடையில கூட்டம் காட்டப் பொண்டாட்டியையே கஸ்டமரா உட்கார வைக்கிறியே மாப்ளே, வெட்கமா இல்ல? திட்டம் நல்லா இருந்தா முதலீடு தானா ஓடி வரும்."

ஓடி வந்த முதலீட்டாளர்கள் எல்லாரும், மூடிக்கிடந்த மில் நிலத்தின் முட்புதரைப் பார்த்துவிட்டு அதே வேகத்தில் திரும்பி ஓடினார்கள். இன்று வந்திருந்தவர்தான் கடைசி ஆள். இவரும் போய்விட்டால், திட்டத்தோடு சேர்ந்து அதிகாரியின் வேலையும் போய்விடும்.

"சார், இங்க பூங்கா, அங்க கடைத்தெரு, பின்னாடி வீடுங்க..." அதிகாரி வரைபடத்தை விரித்துக் காட்டினார்.

"எனக்கு முள்ளுதான் தெரியுது. வேற யாராவது கேட்டாங்களா?"

அப்போது புதருக்குப் பின்னாலிருந்து கோட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு பெண் வெளிப்பட்டார். "மொத்தத்தையும் நாமளே எடுத்துக்கலாம்" என்று கைப்பேசியில் உத்தரவு போட்டபடி நடந்தார்.

முதலீட்டாளரின் முகம் மாறியது. "யாருங்க அந்தம்மா?"

"அதை நான் சொல்லக் கூடாது சார்." அதிகாரி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, எங்க கையெழுத்துப் போடணும்?"

முதலீட்டாளரின் கார் தெருமுனையில் திரும்பி மறையும்வரை அந்தப் பெண் அசையவில்லை. பிறகு நொண்டிக்கொண்டே அதிகாரியிடம் வந்தார்.

"ஏங்க, இந்தச் செருப்பு காலைக் கடிக்குது. தம்பி கடையிலேயே திருப்பிக் கொடுத்துடலாம்."