கத்தரித் தோட்டத்து நத்தைகள்

"இன்னிக்கும் டப்பா ரொம்பிடுச்சி சார்," என்று ஞானதாஸ் பால்பவுடர் டப்பாவை நீட்டினார். முகத்தில் வலை கொள்ளாமல் மீன் பிடித்து வந்தவரின் பெருமை.

திருவேங்கடம் பொன்னேரி விவசாய ஆபீஸ்காரர். பயிரைத் தின்று தீர்க்கும் ஆப்பிரிக்க நத்தை எந்தத் தோட்டத்தில் இருக்கிறது என்று பழவேற்காட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பதுதான் அவர் வேலை. மற்ற தோட்டங்களில் நத்தை ஒழிந்துவிட்டது. ஞானதாஸின் கத்தரித் தோட்டத்தில் மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது.

"தோட்டம் சுத்தமாயிட்டா நான் பாட்டுக்கு ஏரிக்கு மீன் புடிக்கப் போயிடுவேன். இன்னா பண்றது, இதுங்க விட மாட்டேங்குதே," என்றார் ஞானதாஸ்.

படகிலேயே நெஞ்சுவலி வந்து சாய்ந்த மனுஷன். இனிமேல் படகு ஏறினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லியும் கேட்கிற ஆளாக இல்லை. நத்தை வந்த பிறகுதான் வீட்டில் கால் தரித்தது.

சாருக்கு டீ வாங்கி வர அவர் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். திருவேங்கடம் டப்பாவிலிருந்து ஒரு நத்தையை எடுத்துத் திருப்பினார். அதன் ஓட்டின் வாயை மெல்லிய மூடி ஒன்று அடைத்திருந்தது. ஆப்பிரிக்க நத்தைக்கு மூடியே கிடையாது. இன்னொன்றை எடுத்தார். அதற்கும் மூடி.

வாசலில் நின்ற ஞானதாஸின் மனைவி ஜெசிந்தாவைப் பார்த்தார்.

"இதெல்லாம் ஏரிச் சேத்து நத்தைம்மா. கத்தரிச் செடிக்கு எப்படி வந்துச்சு?"

ஜெசிந்தா தெருவை எட்டிப் பார்த்துவிட்டு அருகில் வந்தாள்.

"தோட்டத்து நத்தை போன மாசமே தீந்துடுச்சி சார். நான் மீஞ்சூர்ல ரயிலைப் பாத்து வளந்தவ, எனக்கு எல்லா நத்தையும் ஒண்ணுதான். விடியறதுக்குள்ள கரையில பொறுக்கியாந்து செடிக்கடியில போட்டு வெச்சிடுவேன். அவரு எழுந்து தேடினு கெடப்பாரு. அவரு தேடறவரைக்கும் எனக்குப் புருஷன் இருப்பாரு சார். சொல்லிடாதீங்க."

அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. திருவேங்கடம் நத்தைகளைத் திரும்ப டப்பாவில் போட்டு மூடினார்.

டீயோடு திரும்பி வந்த ஞானதாஸிடம், "நத்தை இன்னும் ஒழியல. பொங்கல் வரைக்கும் நீங்க தோட்டத்தை விட்டு நகரக் கூடாது," என்று கறாராகச் சொன்னார். இத்தனை வருஷ உத்தியோகத்தில் இவ்வளவு சந்தோஷமாக அவர் பொய் சொன்னதில்லை.

ஞானதாஸ் பணிவாகத் தலையாட்டினார். பஸ் ஏற்றிவிடக் கூடவே வந்தார். வீடு கண்ணுக்கு மறைந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"பொங்கல் வரைக்கும்லாம் வேணாம் சார். அடுத்த தபா வந்து, தோட்டம் சுத்தமாயிடுச்சின்னு சொல்லிடுங்க. கிளிஞ்சல் கிழிச்சி அவ காலெல்லாம் புண்ணு. படகை நேத்து வித்துட்டேன், அத நானே சொல்லிக்கறேன். ஏரியில பொறந்தவனுக்கு ஏரி நத்தை எதுன்னு தெரியும்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க."