பத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே

யார் முதலில் அந்த இடத்தை வாசிக்காமல் விட்டது என்பது அவனுக்குச் சரியாக நினைவில்லை.

டிரம்ஸ் வாசித்த ரொசாரியோதான் என்று நினைக்கிறான். ஆனால் பயந்து நின்றவனின் ஞாபகத்தை எவ்வளவு தூரம் நம்புவது?

மாலை வெயில் மேடையின் பாதி வரை ஏறியிருந்தது. கல்லூரி மைதானம் நிரம்பியிருந்தது. அவனோடு சேர்த்து நான்கு பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

கிட்டாரின் கழுத்தில் அவனுடைய இடது கை.

சுண்டுவிரல் நீண்டுதான் இருந்தது. அதுவரைக்கும்.

இருபத்திரண்டு நிமிடம் ஓடும் உருப்படி. சொற்கள் கிடையாது. பதினேழாவது நிமிடத்தில், பதினொன்று வரை எண்ணி மீண்டும் ஒன்றுக்குத் திரும்பும் ஒரு சுற்று வரும். பதினொன்றில் அவன் சுண்டுவிரல் எட்டிப்போய் ஒரு சுரத்தைத் தொடும். அதே கணத்தில் ரொசாரியோவின் டிரம்ஸில் சிம்பல் வெடிக்கும்.

அந்த ஒரு சுரத்துக்காகவே அவனைப் பெரிய ஆள் என்றார்கள்.

அதற்கு நான்கு மாதம் முன்பிருந்தே விரல் அங்கே போவதில்லை. பாதி வழியில் மடங்கி உள்ளங்கைக்குள் ஒளிந்துகொள்கிறது.

சட்டைப் பொத்தான் போடும்போது மடங்குவதில்லை. செருப்பு வாரை இழுக்கும்போது மடங்குவதில்லை. தந்தியைத் தொடப் போனால் மட்டும்.

கீழ்ப்பாக்கத்தில் ஒரு டாக்டர் பென்சிலால் விரலைத் தட்டிப் பார்த்தார். "விரல்ல ஒண்ணுமில்ல சார். வாசிச்சு வாசிச்சு மூளைதான் கொழம்பிப் போச்சு."

குழுவில் அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஒத்திகையில் அந்த இடம் நெருங்கும்போது தண்ணீர் குடிக்கப் போனான். ஒயரைக் குறை சொன்னான்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. மேடையில் ஒருவன் தவறினால் யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. அடுத்த சுற்றில் எல்லோரும் அதே தவறை வாசிக்க வேண்டும். இரண்டாம் முறை வந்துவிட்டால் அது தவறில்லை.

ஆனால் அது தற்செயலாகத் தவறுகிறவனுக்கு.

மேடை ஏறும் முன் ரொசாரியோ குச்சிகளில் டேப் சுற்றிக்கொண்டிருந்தான்.

"இன்னாடா, அரியர் எழுதப் போறவன் மாதிரி இருக்க?"

"வெயிலு மச்சான்."

"ம். வேர்வைல விரல் வழுக்கும். பாத்துக்க."

குச்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் சொன்னான்.

பதினேழாவது நிமிடம்.

ஒன்று. இரண்டு. மூன்று.

எட்டு.

ஒன்பதில், கண்ணோரத்தில், ரொசாரியோவின் வலது கை மேலே எழுந்தது. எழுந்த இடத்திலேயே நின்றது.

பத்து.

விரல் மடங்கியது.

சுரம் இல்லை. சிம்பலும் இல்லை. மைதானத்தின் மேல் ஒரு காக்கை கத்துவது கேட்டது.

பேஸ் கிட்டார் வாசித்த இளம்பரிதி மட்டும் ஒரு கணம் தடுமாறினான். அடுத்த சுற்றில் நால்வரும் பத்தோடு நிறுத்தி, பதினொன்றை வெறுமையாக விட்டார்கள். அதற்கடுத்த சுற்றிலும்.

நான்காம் சுற்றில் அந்த வெறுமைக்காகக் கூட்டம் மூச்சை அடக்கியது.

தப்பிவிட்டோம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. விரல் மடங்குவதற்கு முன்பே அந்தக் கை நின்றிருக்கிறது. அப்படியானால் ரொசாரியோவுக்குத் தெரியும். எத்தனை நாளாக? பார்த்தால் தெரிகிற அளவுக்கா இருக்கிறது?

கூட்டம் எழுந்து கத்தியது.

ரொசாரியோ சிம்பல்களைக் கழற்றி உறையில் போட்டான். அவன் தன் கிட்டாரின் ஒயரைச் சுருட்டினான். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பிறகும் பேசவில்லை.

அன்றைய வீடியோ பதிவுதான் அவர்கள் பெயரைக் கடல் தாண்டிக் கொண்டுபோனது.

இளம்பரிதி இப்போது விளம்பரங்களுக்கு இசை போடுகிறான். கீபோர்டு வாசித்த ஷெரின் டொராண்டோவில் இருக்கிறாள். ரொசாரியோ போன ஆகஸ்டில் பெரம்பூரில் இறந்துபோனான். மாரடைப்பு. கிட்டார் வாசித்த அவனுக்கு, அந்த மேடைக்கு மறு வருடமே மோதிரவிரலும் மடங்கியது. கிட்டாரை விட்டுவிட்டு, ஒரு ஸ்டுடியோவில் மற்றவர்களின் வாசிப்பைப் பதிவு செய்கிறான்.

யூடியூபில் பிள்ளைகள் அந்தப் பகுதியை வாசித்துக் காட்டுகிறார்கள். பத்து வரை பிசகில்லாமல் வருகிறது.

பதினொன்றில், எல்லோரும், சுண்டுவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்கிறார்கள்.