பச்சோந்திக்குப் பொருந்திய ஃபவுண்டேஷன்

தங்கை கல்யாணத்தில் மின்ன வேண்டுமென்று பச்சோந்தி, மைனாவின் அழகுசாதனக் கடைக்குப் போனாள்.

"உங்களுக்கு எண்ணெய்ச் சருமமாக்கா, வறண்ட சருமமா?" என்று கேட்டாள் மைனா.

"நீயே பார்த்துச் சொல்லும்மா, அப்படியே இருந்துக்கிறேன்."

மைனா ஒரு ரோஸ் நிற ஃபவுண்டேஷன் டப்பாவைக் கன்னத்தருகே நீட்டினாள். பச்சோந்தியின் முகம் உடனே ரோஸாகியது.

"உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குக்கா!"

பச்சோந்தி பூரித்துப்போய் வாங்கிக்கொண்டாள்.

கல்யாணத்தன்று அதைப் பூசிக்கொண்டு வீட்டு வேப்பமரத்தில் ஏறினால், உடம்பெல்லாம் பச்சை, முகம் மட்டும் திட்டுத்திட்டாக ரோஸ். வந்த சனமெல்லாம் சிரித்தது. கொதித்துப்போய்க் கடைக்கு ஓடினாள். மைனா அலட்டிக்கொள்ளாமல் அதே டப்பாவை நீட்டி, கண்ணாடியைக் காட்டினாள். கச்சிதமாகப் பொருந்தியது.

பச்சோந்திக்கு வெட்கமாகிவிட்டது.

"உன்னைத் தப்பா நெனச்சுட்டேம்மா. எங்க வேப்பமரம்தான் சரியில்லை. பத்து டப்பா குடு, மரத்துக்கும் பூசிடறேன்."