முட்டுக்கல்

"டர்போ போட்டுருவோமாண்ணே?"

பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அபுதாகிர் கேட்டான். வத்தலக்குண்டில் இந்தப் பழைய பிக்கப்பின் வயிற்றுக்குள் கைவிட அவனை விட்டால் வேறு மெக்கானிக் கிடையாது.

டர்போ.

வண்டிக்காரனுக்கு எத்தனை வருஷத்து ஆசை. போட்டால் இஞ்சினுக்கு இழுவை கூடும். மலையிலிருந்து இறங்கும்போது சௌசௌ மூட்டை, ஏறும்போது உர மூட்டை. ஏற்றத்தில் வண்டி முக்கும். பின்னால் வரும் மினி பஸ் ஹாரன் அடித்தே மானத்தை வாங்கும். ஒரு நாளாவது அந்தப் பஸ்ஸை முந்திக் காட்ட வேண்டும் என்று மனைவி பவளத்திடம் சொல்லிக்கொண்டே இருப்பான்.

"முந்துனா மெடலா குத்தப் போறாங்க?" என்பாள் அவள்.

இப்போது போடலாம். ஆஸ்பத்திரிக்கென்று வைத்திருந்த பணம் கையில் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குத்தான் இனி வேலையில்லை.

மதுரை டாக்டர் நல்ல மனுஷர். பங்குனி வரைக்கும் பார்க்கலாம் என்றார். பங்குனிக்கு அப்புறம் என்ன என்று இவனும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பவளத்திடம் வெறும் வாய்வு என்று சொல்லி வைத்திருக்கிறான்.

"டர்போ வேணாம் பாய்."

அபுதாகிர் நிமிர்ந்து பார்த்தான்.

"அப்ப டீசல் பம்பையாச்சும் ஏத்தி வைக்கிறேன். மூணாம் கியர்லயே மலை ஏறும்."

"வேணாம். பிஸ்டன் ரிங்கு மட்டும் மாத்து, இஞ்சின் உள்ளபடியே இருக்கட்டும். செல்ஃப் மோட்டார் புதுசாப் போடு. கிளட்ச்சு லேசா இருக்கணும். ஸ்டீயரிங்கு ஒத்தக் கையில திரும்பணும்."

"என்னண்ணே, சின்னப் பிள்ளைக்கு வண்டி கட்டுற மாதிரி கேக்குறீங்க? அதுக்குள்ள தளந்துட்டீங்களா?"

"மெதுவாப் போகட்டும். காலைல சாவியத் திருப்புனா கிளம்பணும். அம்புட்டுத்தான்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரித்தால் விலாவில் பிடித்தது.

சாவியைத் திருப்பினால் கிளம்புவது என்பது அந்த வண்டிக்குத் தெரியாத சங்கதி. செல்ஃப் மோட்டார் எப்போதோ செத்துவிட்டது. அவன் மாற்றவே இல்லை. தாண்டிக்குடியில் வீடு சரிவில் இருக்கிறது, பிறகென்ன?

தினமும் சாயங்காலம் வண்டியின் மூக்கைப் பள்ளம் பார்த்து நிறுத்துவான். சத்தம் கேட்டதுமே பவளம் கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள். முன் டயருக்கு முட்டுக் கொடுப்பாள். விடிந்ததும் அவளே உருவுவாள். வண்டி உருளும். இரண்டாம் கியரில் போட்டுக் கிளட்ச்சை விடுவான். இருமி, கனைத்து, புகையைக் கக்கி அது உயிர் பிடிக்கும்.

வேறு எவன் கைக்கும் படியாத வண்டி என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தான்.

இனி அது பீற்றிக்கொள்ளும் விஷயமில்லை.

பவளத்துக்கு ஓட்டத் தெரியும். பள்ளிக்கூட மைதானத்தில் அவன்தான் சொல்லிக் கொடுத்தான். லைசென்ஸும் எடுத்துவிட்டாள். ஆனால் கிளட்ச்சை மிதிக்க எழுந்து நிற்க வேண்டியிருந்தது. அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தான். அவள் கோபித்துக்கொண்டு சாவியை வீசிவிட்டுப் போனாள். அப்புறம் தொடவே இல்லை.

சிரித்திருக்கக் கூடாது.

வேலை முடிந்து வண்டியை எடுக்கப் போனான். சாவியைத் திருப்பினான். முதல் திருப்பிலேயே பிடித்தது. நாலாவது ஊருக்கும் கேட்கிற அந்த இருமல் இல்லை.

இறங்கி, ஸ்பானரைக் கேட்டு வாங்கினான். ஓட்டுநர் சீட்டின் போல்ட்டுகளைத் தானே கழற்றினான். சீட்டை முன்னால் தள்ளி, முன்பக்கத் துளைகளில் முடுக்கினான்.

"முட்டி இடிக்குமேண்ணே."

இடித்தது. மலை முழுக்க இடித்தது.

வளைவில் மினி பஸ் ஹாரன் அடித்தது. ஒதுங்கி வழிவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் சரிவுக்குப் போகவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துச் சமதளத்தில் நிறுத்தினான்.

பவளம் கல்லோடு ஓடி வந்தாள். சரிவில் வண்டி இல்லை. கல்லை இடுப்பில் அணைத்தபடி சுற்றும் பார்த்தாள்.

"என்ன மாமா, இங்க நிப்பாட்டிட்டீங்க? காலைல யாரு தள்ளுறது?"

"தள்ள வேணாம். செல்ஃப் போட்டாச்சு. ஏறிப் பாரு."

"நானா? மறுபடியும் சிரிக்கவா?"

"சிரிக்க மாட்டேன். ஏறு."

கல்லைக் கீழே வைத்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. சாவியைத் திருப்பினாள். பிடித்தது. "ஐய்" என்றாள்.

கிளட்ச்சை மிதிக்க வழக்கம்போல எழப் போனாள்.

எழ வேண்டியிருக்கவில்லை. கால் எட்டியது. மிதி தானாக இறங்கியது.

குனிந்து சீட்டின் அடியைப் பார்த்தாள். பழைய துளைகள் பின்னால் காலியாக இருந்தன. ஸ்டீயரிங்கை ஒரு கையால் திருப்பினாள். வெண்ணெயாகத் திரும்பியது.

சிரிப்பு நின்றுவிட்டது.

இஞ்சினை அணைத்தாள். கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தாள். தோளில் தொங்கும் சட்டையைப் பார்த்தாள். தளர்ந்துபோன வாட்ச்சைப் பார்த்தாள். இத்தனை நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"மதுரையில டாக்டரு என்ன சொன்னாரு?"

அவன் குனிந்து கல்லை எடுத்தான். கனத்தது. இதையா இவள் தினமும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்?

சமதளத்தில் அசையாமல் நிற்கிற வண்டியின் முன் டயருக்கு அடியில் அதை வைத்தான். சரியாக இல்லை என்று எடுத்துத் திரும்ப வைத்தான்.

அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

மேலே வண்டிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.