கர்னாக் கோயிலில் எடுத்த படம்

யூஜினி தேத்தண்ணியோடு வந்தபோது றோஸ்மேரி படம் மாட்டிய சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். எகிப்துப் பயணத்துக்கான விளம்பரப் புத்தகம் விரிக்காமலே மடியில் கிடந்தது.

வழக்கமாக அந்தச் சுவரைப் பார்த்துத்தான் உட்காருவாள். திருமண வெள்ளி விழாவுக்கு அவளும் கணவர் றொபேட்டும் தேவாலயப் பங்கு ஆட்களோடு புனித பூமிக்குப் போய், வரும் வழியில் எகிப்தையும் பார்த்து வருவதாக இருந்தார்கள். கனடாவில் அவர்கள் குடியிருந்த அந்த மாடிக் கட்டடத்தில் எகிப்தைக் கண்ணால் கண்டவள் யூஜினி ஒருத்திதான். அதனால் ஞாயிறு பூசை முடிந்ததும் றோஸ்மேரி எலிவேற்றரில் ஏறி மேலே யூஜினி வீட்டுக்கு வந்துவிடுவாள்.

யூஜினியும் அலுக்காமல் சொல்லுவாள். ஆறு பேர் கைகோர்த்தாலும் வளைத்துப் பிடிக்க முடியாத தூண்கள். எதிரிகளின் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்தபடி கல்லில் நிற்கும் மன்னன். வெளியே வெயில் கொதிக்கும்போதும் தூண்களின் நிழலுக்குள் கால் வைத்தால் ஏறுகிற குளிர். சொல்லிக்கொண்டே சுவரில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்துக்கொள்வாள்.

அது கர்னாக் கோயிலில் எடுத்த படம். தூணுக்குக் கீழே புதுச் சேலையில் யூஜினி, அவளுக்குப் பக்கத்தில் இடது புருவத்தில் வெட்டுத் தழும்போடு ஒரு வாலிபன். அவன் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றான். யூஜினி மட்டும் கமராவைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள்.

தேனிலவுக்கு எகிப்துக்குப் போன சோடி என்று பங்கில் பகிடியாகப் பேசிக்கொள்வார்கள். கணவர் எங்கே என்று யார் கேட்டாலும் யூஜினி சொல்வது ஒன்றுதான்: அவர் இன்னும் வந்து சேரவில்லை. தொண்ணூறில் சொல்லத் தொடங்கியது. தொண்ணூற்றைந்து பிறந்தும் அதே பேச்சுத்தான்.

றோஸ்மேரி தேத்தண்ணியைத் தொடவில்லை. நேற்று பிக்கரிங் நகரில் தம்பி மகள் முதல் நன்மை வாங்கிய கொண்டாட்டத்துக்குப் போனதாகத் தொடங்கினாள். பிறகு நிறுத்தினாள். யூஜினியின் கையைப் பிடித்துத் தனக்குப் பக்கத்தில் இருத்தினாள்.

"உம்மடை மனுசனை அங்கை கண்டனான்."

யூஜினியின் கை ஒரு கணம் இறுகியது. எங்கே, எப்படி இருந்தார் என்று கேட்டாள். முகத்தில் வெளிச்சம் வந்தது.

நல்லாய்த்தான் இருக்கிறார் என்றாள் றோஸ்மேரி. இனி மறைத்துப் பயனில்லை என்று எல்லாவற்றையும் கொட்டினாள். பக்கத்தில் மனைவி, இடுப்பில் ஒரு குழந்தை, கையைப் பிடித்தபடி இன்னொன்று. புருவத் தழும்பைக் கண்டதும் படத்தில் நிற்கிறவன்தான் என்று தெரிந்துவிட்டது. மெல்ல விசாரித்தால், ஆள் கனடாவுக்கு வந்து ஐந்து வருஷமாம். இங்கே ஒருத்தி வழியைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு மணித்தியாலத் தூரத்தில் வீடு வாங்கிக் குடித்தனம் நடத்துகிறான்.

யூஜினியின் கை தளர்ந்தது. முகத்தில் வந்த வெளிச்சமும் போய்விட்டது.

"ஓ, அவரோ," என்றாள். சின்னவனுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டேன், மாறிவிட்டதா என்று விசாரித்தாள்.

றோஸ்மேரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. தெரிந்துகொண்டுதான் இவ்வளவு காலமும் சும்மா இருந்தாளா? ஒரு பெண்ணுக்கு இவ்வளவு ரோசம் இல்லாமல் போகுமா? அவளுக்கு வந்த கோபத்தில் எழுந்து போய்ப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினாள். கழற்றிய வேகத்தில் ஆணியும் கூட வந்தது.

"உதைக் குப்பையிலை போடும். உவன்ரை முகத்திலை இனி முழிக்காதையும்."

யூஜினி ஓடி வந்து படத்தின் ஒரு கரையைப் பற்றிக்கொண்டாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி நின்றார்கள்.

"அவர் பேர் கிளிபோட், அக்கா. பாஸ்போட்டிலை மட்டும்தான் எனக்குப் புருசன்."

பிறகு மெல்லச் சொன்னாள். அவளும் கணவரும் கனடாவுக்கு வரப் புறப்பட்டபோது, ஆட்களைக் களவாக அனுப்பும் ஏஜென்ட் கெய்ரோவில் வைத்துக் கொடுத்தது வேறொரு புதுச் சோடியின் பாஸ்போட்கள். பெண்ணின் முகம் யூஜினிக்கு ஒத்துவந்தது. ஆணின் முகம் அவளுடைய கணவருக்கு ஒத்துவரவில்லை, கூட வந்த கிளிபோட்டுக்குத்தான் ஒத்துவந்தது. உல்லாசப் பயணிகள் என்று எயார்போட்டில் நம்பவேண்டும் என்பதற்காக, கோயில் கோயிலாகக் கொண்டுபோய் இரண்டு பேரையும் சேர்த்து நிறுத்திப் படம் எடுக்கச் சொன்னான் ஏஜென்ட். வெளியே தெரிந்தால் கிளிபோட்டின் குடிவரவுப் பேப்பருக்கும் சிக்கல் வந்துவிடும் என்றுதான் அவள் இதுவரை வாய் திறக்கவில்லை.

றோஸ்மேரியின் பிடி தளர்ந்தது. ஆனால் படத்தை விடவில்லை.

"அப்ப உம்மடை மனுசன்?"

"மற்ற ஆக்களோடை பின்னாலை வாறன் எண்டவர். அதோடை ஒரு கதையும் இல்லை."

கிளிபோட்டும் எத்தனையோ பேரிடம் விசாரித்துப் பார்த்துவிட்டார் என்றாள். ஏஜென்டும் இல்லை, ஆளும் இல்லை. சொந்தப் பெயரில் எதுவும் இருக்கக்கூடாது என்று, கொண்டுவந்திருந்த கலியாணப் படத்தையும் ஏஜென்ட் வாங்கிக் கிழித்துவிட்டானாம்.

றோஸ்மேரி கையிலிருந்த படத்தைப் பார்த்தாள். ஆரோ ஒருவனின் படத்தை, கட்டின கணவனின் இடத்தில், ஐந்து வருஷமாக எதற்கு மாட்டி வைத்திருக்கிறாள் என்று கேட்டாள்.

யூஜினி படத்தை வாங்கி, சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தாள்.

"இதை எடுத்தது என்ரை மனுசன்தான், அக்கா."